கொரங்காட்டில் கோடைப் பஞ்சமும் மழைக்காலச் சாவும்

கேள்வி: காங்கேயம் பக்கம் 6 ஏக்கர் கொரங்காடு (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. 2 காங்கேயம் பசுக்கள், 20 மேச்சேரிப் பெட்டை ஆடுகள் வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்தால் எல்லாம் இளைத்துவிடுகின்றன. ஐப்பசி மழையில் புல் தழைத்ததும், கொழுகொழுவென்று இருக்கும் குட்டிகளே திடீரெனச் செத்துப்போகின்றன. என்ன செய்வது?

பதில்: முதலில் குட்டிச் சாவைப் பார்ப்போம் ஐயா. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் துள்ளுமாரியாகத்தான் இருக்க வேண்டும். இதற்கான கிருமி ஆட்டின் குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். காய்ந்த வயிற்றில் இளம்புல் ஒரேயடியாக இறங்கும்போது அது பெருகி நஞ்சைக் கக்குகிறது. அதிகம் மேய்கிற திடமான குட்டிதான் முதலில் விழும். மாலையில் நன்றாக இருந்தது காலையில் பட்டியில் செத்துக் கிடக்கும். மருந்து கொடுக்க நேரமே இருக்காது. ஆகவே மழைக்கு முன்பே, ஆவணியில் ஒரு தடுப்பூசியும் 2–3 வாரம் கழித்து இன்னொன்றும் போட்டுவிடுங்கள். அடுத்த முறை குட்டி செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டி நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். புல் தழைத்த முதல் 10 நாள், பனி ஈரம் காய்ந்தபின் பட்டியைத் திறங்கள். அதற்கு முன் ஒரு கை சோளத்தட்டோ கடலைக்கொடியோ தின்னட்டும். முதல் நாள் ஒரு மணி நேர மேய்ச்சல் போதும், பிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டலாம்.

கோடை இளைப்புக்குத் தை மாதத்திலேயே கணக்குப் போட வேண்டும். 300–350 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு 7–8 கிலோ காய்ந்த தீனி தேவை. கோடைக் கொரங்காட்டில் 2–3 கிலோவுக்கு மேல் கிடைக்காது என்றே வையுங்கள். மீதி 5 கிலோ வீதம் சித்திரை முதல் ஆடி வரை 120 நாளுக்கு, இரண்டு பசுவுக்கும் 1,200 கிலோ சோளத்தட்டு வேண்டும். ஆட்டுக்கு 300 கிராம் கடலைக்கொடி வீதம் 720 கிலோ. தட்டுப் போரை, தரையில் கல் பரப்பி அதன்மேல் போடுங்கள். அடித்தட்டு பூஞ்சணம் பிடித்தால் அது தீனியல்ல, குப்பைக்குத்தான்.

கோடையில் உதிரும் வெள்வேலங்காயைப் பொறுக்கி வையுங்கள். அதை இடித்துக் கொடுப்பதுதான் நல்லது. முழுசாகத் தின்றால் கடின விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியேறிவிடும். பட்டி கூட்டும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கிடா சேர்ப்பதை ஆனி–ஆடியில் வைத்துக்கொண்டால் கார்த்திகை–மார்கழியில், பச்சை இருக்கும்போது குட்டி விழும். சேர்ப்பதற்கு 2–3 வாரம் முன்பிருந்தும், சினையின் கடைசி 45 நாளும் ஆட்டுக்கு 200–250 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். 10 கிலோ அடர்தீவனம் கலக்க, உடைத்த மக்காச்சோளம் 4, கடலைப்புண்ணாக்கு 2.5, கோதுமைத் தவிடு 3.2 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், சமையல் உப்பு 100 கிராம். பசுவுக்குத் தனியாகத் தினம் 30–50 கிராம் தாது உப்பு போதும்.

ஒரு எச்சரிக்கை: கோடை மழைக்குச் அறுத்த சோளத்தாளில் மீண்டும் துளிர்க்கும் மறுதாம்பில் நஞ்சு அதிகம். வாடி நிற்கும் இளஞ்சோளமும் அப்படியே. பூக்கும் முன் அதில் மாட்டை விடவே விடாதீர்கள். மாடு மூச்சுத் திணறித் தள்ளாடினால் உடனே மருத்துவரை அழையுங்கள், இதற்கு ஊசி இருக்கிறது.

புல் மெலிந்த இடத்தில் மழைக்கு முன் ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டைப்புல் விதை தூவுங்கள். புதிதாக உருவிய விதை சரியாக முளைக்காது. போன வருடத்து விதையாகக் கேட்டு வாங்குங்கள். தூவிய பகுதியை முள் அடைத்து, புல் வேர் பிடிக்கும்வரை மேய விடாதீர்கள்.