வைட்டமின் சி அளவு: மலையில் எடுத்த ரத்தமும் கீழே வந்த ரிப்போர்ட்டும்

குன்னூரில் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரி: அண்ணா, அம்மாவுக்கு ரத்தத்தில் வைட்டமின் சி 9 மைக்ரோமோல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தினமும் கொய்யா சாப்பிடுகிறார், ஈறிலும் ரத்தம் வரவில்லை. எப்படி இது?

லிட்டருக்கு 11-க்குக் கீழே போனால் குறைபாடு, 50-க்கு மேல் இருந்தால் நல்ல அளவு. ஆனால் அம்மாவைப் பற்றிப் பயப்படும் முன், ரத்தம் எங்கே எடுத்தார்கள், எங்கே சோதித்தார்கள் என்று கேளுங்கம்மா. கோத்தகிரியில் எடுத்த குழாய் சாதாரணப் பெட்டியில் கோயம்புத்தூர் போயிருந்தால், அந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

வைட்டமின் சி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாறும். அதுவும் உடல் சூட்டில் சில நிமிடங்களிலேயே உடையத் தொடங்கும். உடைந்த பிறகு மீட்க வழியில்லை. அதனால் ரத்தம் எடுத்ததும் குழாயை ஐஸில் வைத்து, வெளிச்சம் படாமல், சீக்கிரமே பிளாஸ்மாவை, அதாவது அணுக்கள் நீங்கிய ரத்தத் திரவத்தை, பிரிக்க வேண்டும். வைட்டமின் சி அழியாமலிருக்க மெட்டாபாஸ்பாரிக் அமிலம் சேர்த்து மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே உறைய வைக்க வேண்டும்.

ஒருமுறை நான் அனுப்பிய மாதிரிகள், மலைப்பாதையில் பர்லியார் தாண்டுவதற்குள் ஐஸ் கரைந்து, அத்தனையும் குறைவாகவே வந்தன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். ரத்தம் கொடுத்தவர்களிடம் மறுபடி கை நீட்டச் சொன்னது இன்னும் வருத்தம்தான்.

இன்னொரு முறை எடுங்கள், சோதிக்கும் இடத்துக்கே நேரில் போய்க் கொடுங்கள். ஈறு வீக்கம், தோலில் ரத்தப்புள்ளி தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

ஊட்டி, கல்லூரி மாணவர்: சார், பழச்சாற்றுக்கு டைகுளோரோபீனால் இன்டோபீனால் சாயத்தில் டைட்ரேஷன் (சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளப்பது) செய்கிறோம். ரத்தத்துக்கும் அதே போதாதா?

போதாது தம்பி. ரத்தத்தில் வைட்டமின் சி கொஞ்சம்தான், அதே சாயத்தை நிறமிழக்கச் செய்யும் வேறு பொருள்களும் கூடவே இருக்கும். அதனால்தான் எச்.பி.எல்.சி. என்ற, கலவையிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் கருவியில் தனியாகப் பிரித்து, மின்வேதி உணரியால் அளக்கிறார்கள். சாற்றுக்கு உங்கள் முறை நல்லதுதான். ஆனால் மரத்தக்காளியை எடுக்காதீர்கள். அந்தச் சிவப்பில், கடைசியில் நிற்க வேண்டிய இளஞ்சிவப்பு கண்ணுக்கே தெரியாது. எலுமிச்சையில் செய்து பாருங்கள்.

குன்னூர்: பிளாஸ்மாவா, வெள்ளை அணுவா, எதில் பார்ப்பது?

சமீபத்தில் சாப்பிட்டதைப் பிளாஸ்மா காட்டும். திசுக்களின் இருப்பை வெள்ளை அணு நன்றாகக் காட்டும், ஆனால் ரத்தமும் வேலையும் அதிகம் வேண்டும்.

கூடலூர்: நெல்லிக்காய் சாப்பிட்டால் சுகர் மெஷின் தப்பாகக் காட்டுமா?

சாப்பாட்டு அளவில் கவலை வேண்டாம். நரம்பு வழியாக மிக அதிகமாக வைட்டமின் சி ஏற்றியிருந்தால்தான் சில மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அப்போது ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

குன்னூர்: ஆராய்ச்சியில் இதற்கு என்ன உபயோகம்? வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் எலியில் ஏன் வருவதில்லை?

எலி தானே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். கடைசிப் படியைச் செய்யும் குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ் என்ற நொதி நமக்கும் கினிப்பன்றிக்கும் கிடையாது. அதனால் 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் கினிப்பன்றியில்தான் ஸ்கர்வியை வரவழைத்தார்கள். நம் குன்னூரிலும் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918-இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரு அறையில் ஊட்டச்சத்து ஆய்வைத் தொடங்கினார். 1958-இல் ஹைதராபாத் போன அந்த ஆய்வகம்தான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

இன்று செல் வளர்ப்பில் கொலாஜன் (தோல், எலும்புக்கு உறுதி தரும் புரதம்) உருவாவதைப் பார்க்க வைட்டமின் சி கட்டாயம் சேர்க்க வேண்டும், அது இல்லாமல் கொலாஜன் இழைகள் உறுதிப்படாது. 37 டிகிரி ஊடகத்தில் சாதாரண அஸ்கார்பேட் (வைட்டமின் சி-யின் உப்பு வடிவம்) சீக்கிரம் அழிந்துவிடுவதால், அஸ்கார்பேட்-2-பாஸ்பேட்டைப் போடுகிறார்கள். செல்லே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துக்கொள்ளும்.