பூவின் மணத்தைப் படிக்க விரும்பும் மகள்: வெள்ளவத்தைத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், மருத்துவ பீடத்தை முதல் விருப்பமாகப் போடமாட்டேன், பூக்களுக்கும் பூச்சிகளுக்கும் இடையிலான இரசாயனத்தையே படிப்பேன் என்று சொல்வது உங்களைக் கலங்க வைத்திருக்கிறது. "பூச்சி பிடிக்கவா இத்தனை வருடம் ரியூஷனுக்கு அனுப்பினோம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அவள் விரும்பும் துறை நீங்கள் நினைப்பதைவிடக் கனமானது.

மாம்பழத்தைப் பழுதாக்கும் பழ ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் பூசாவில் பணியாற்றிய ஹௌலெட் என்ற பூச்சியியலாளர், ஒருவகைப் புல்லிலிருந்து எடுக்கப்படும் சித்ரனெல்லா எண்ணெயின் வாசனைக்கு ஆண் ஈக்கள் திரள்வதை 1912இல் பதிவுசெய்தார். அவற்றை வலுவாக ஈர்ப்பது மெதைல் இயூஜினோல் என்ற வாசனைச் சேர்வை என்பதை 1915இல் எழுதினார். அதே சேர்வையைச் சில ஓர்க்கிட் பூக்களும் வெளியிடுகின்றன. அதை நக்க வரும் ஆண் ஈ, தேன் எதுவும் கிடைக்காவிட்டாலும் மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. உட்கொண்ட சேர்வையைத் தன் உடலில் மாற்றிப் பெண் ஈயைக் கவரும் மணமாக்கிக்கொள்கிறது. பூவும் ஈயும் ஒரே மூலக்கூறால் பயனடையும் இந்த ஏற்பாட்டில் உள்ள அதே ஈர்ப்புதான் இன்று மாந்தோப்புகளில் தொங்கும் பொறிகளுக்கு அடிப்படை. தெளிக்கும் பீடைநாசினியின் அளவைக் குறைக்க உதவும் அறிவு இது. எனக்கு இதைவிடப் பயனுள்ள படிப்புகள் அதிகம் தெரியவில்லை.

பூ-பூச்சி இரசாயனம் என்ற பெயரிலேயே ஒரு பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல், தாவர விஞ்ஞானம், விலங்கியல் ஆகிய மூன்று துறைகளும் உள்ளன. இராஜகிரியவிலுள்ள இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் பட்டத்துக்கு நிகரான கற்கைநெறியும் நல்ல மாற்று வழி. எங்கு சேர்ந்தாலும், கலவையிலுள்ள சேர்வைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் காஸ் குரோமற்றோகிராபி போன்ற முறைகளின் கருவிகளில் கை பழக வேண்டும். கறுவா, வாசனை எண்ணெய், தேயிலை, உணவுப் பரிசோதனை ஆகியவற்றின் ஆய்வுகூடங்கள் கேட்கும் திறன் அதுவே. லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் ஆய்வாளராக உயர வேண்டுமானால் பட்டப்பின் படிப்பும் தேவைப்படும், அதற்குப் பெரும்பாலும் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் தேட நேரும். தொடக்க வருமானம் மருத்துவருடையதுக்கு ஈடாகாது என்பதையும் மறைக்க மாட்டேன்.

என் தயக்கம் ஒன்றுதான்: அவளுக்கு உயிரியலில் உள்ள பிடிப்பு, காபன் சேர்வைகளைப் படிக்கும் சேதன இரசாயனத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்தப் பாதை அவளைக் களைப்படையச் செய்யும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்புமுன், அவள் செய்த சேதன இரசாயன வினாத்தாள்களுடன் இருவரும் சேர்ந்து வாருங்கள்.