டாக்டராகவும் இருந்துகொண்டு ஆராய்ச்சியும் செய்ய முடியுமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா.

மருத்துவப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், ரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் பார்க்கும் டாக்டராகி, கூடவே ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்கிறார். படித்து முடிக்கவே வயதாகிவிடும், வருமானம் குறையும், கடைசியில் முழு டாக்டராகவும் இல்லாமல் முழு விஞ்ஞானியாகவும் இல்லாமல் நடுவில் நின்றுவிடுவாரோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். முதல் இரண்டு கவலைகளும் ஓரளவு நியாயமானவை. மூன்றாவதுதான் தேவையில்லாத பயம். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

குளோர்தாலிடோன் என்று ஒரு பழைய பி.பி. மாத்திரை உண்டு. சிறுநீரைக் கூட்டி ரத்த அழுத்தத்தை இறக்குவது இதன் வேலை. இளம் வயதில் நல்ல சிறுநீரகங்கள் ரத்தத்திலிருந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 மில்லி நீரை வடிகட்டும். அது 30-க்குக் கீழே போய்விட்டால் இந்த வகை மாத்திரை பலன் தராது என்றே பல பத்தாண்டுகளாகப் பாடம் சொல்லித்தரப்பட்டது. டாக்டர்களும் அந்தக் கட்டத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவின் இண்டியானாவில் ராஜீவ் அகர்வால் என்ற சிறுநீரக மருத்துவரும் அவருடைய குழுவும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த நிலைமையில் இருந்த 160 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு மாத்திரையும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நாள் முழுக்க அளந்த மேல் அழுத்தம் (பி.பி.யில் முதலில் சொல்லும் எண்) சராசரியாக 11 புள்ளி இறங்கியிருந்தது. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் இறங்கவில்லை. பொட்டாசியம் குறைவது, தலைசுற்றல், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் தற்காலிகமாக ஏறுவது போன்றவை மாத்திரை எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்ததையும் சேர்த்தே எழுதினார்கள்.

இந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்திலேயே இருப்பவருக்கு எளிதில் தோன்றாது. எத்தனை மருந்து கொடுத்தும் இறங்காத பி.பி.யை வாரந்தோறும் பார்ப்பவருக்குத்தான் தோன்றும். நோயாளிகளை மட்டும் பார்க்கும் டாக்டருக்கும் சந்தேகம் வரலாம், ஆனால் அதை முறைப்படி சோதிக்க அவருக்கு நேரமும் பயிற்சியும் இருக்காது. நீங்கள் பயப்படும் அந்த நடு இடத்தில்தான் இந்த வேலையே இருக்கிறது.

சரி, உங்கள் மகளுக்கு இது ஒத்துவருமா? மதிப்பெண்ணை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. நான் பார்ப்பது வேறு. பி.பி. பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். படியேறி வந்தவரின் மூச்சு அடங்குமுன், கால்மேல் கால் போட்டபடி, சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தால் ஓர் எண் வரும். அதே ஆளை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, முதுகு சாய்ந்திருக்க, இரு பாதமும் தரையில் பட, கை இதயத்தின் உயரத்தில் இருக்க, கையின் சுற்றளவுக்குப் பொருந்தும் பட்டையைக் கட்டி, யாரும் பேசாமல் சில முறை அளந்து சராசரி எடுத்தால் வேறு எண் வரும், பெரும்பாலும் குறைவாக.

ஸ்பிரிண்ட் என்ற ஆய்வு இந்த இரண்டாவது முறையில்தான் அளந்தது. 9361 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில், மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே வைப்பதா, 120-க்குக் கீழே வைப்பதா என்று ஒப்பிட்டார்கள். 2015-ல் வந்த முடிவின்படி, 120 என்ற இலக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவற்றைக் கால் பங்கு குறைத்தது. அவசர அவசரமாக அளந்த எண்ணை வைத்துக்கொண்டு இதே 120-ஐத் துரத்தினால் மருந்து அளவுக்கு மீறிப் போகலாம், நோயாளி மயங்கி விழலாம். அதனால்தான் சிறுநீரக நோயாளிகளுக்கு 120-ஐப் பரிந்துரைத்த 2021-ன் சர்வதேச வழிகாட்டுதல், முறையாக அளந்தால் மட்டுமே இந்த இலக்கு என்று சேர்த்துச் சொல்கிறது. ஒரு பட்டையை எப்படிக் கட்டினோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது என்று கேட்டதும் உங்கள் மகளின் கண் விரிந்தால், அது நல்ல அடையாளம். கொட்டாவி வந்தால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பொறுமை வேண்டும் என்று எல்லாத் துறைக்கும் சொல்வார்கள். இங்கே அதன் அளவைச் சொல்லிவிடுகிறேன். கேப்டோப்ரில் என்ற மருந்து சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று 1993-ல் தெரிந்தது. 2001-ல் லோசார்டனும் இர்பசார்டனும் அந்த வரிசையில் சேர்ந்தன. அதன்பிறகு நீண்ட வறட்சி. பல ஆய்வுகள் தோற்றன, சிலவற்றை ஆபத்து தெரிந்ததும் பாதியில் நிறுத்தினார்கள். 2019-ல் கானாகிளிஃப்ளோசின் என்ற மருந்தும் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று தெரிந்தபோதுதான் கதவு மறுபடி திறந்தது. அடுத்த ஆண்டே டாபாகிளிஃப்ளோசின், ஃபினெரெனோன், 2024-ல் செமாகுளூடைடு. இப்போது நுழைபவருக்குக் காலம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 2002-ல் நுழைந்தவரின் இடத்தில் உங்கள் மகளை வைத்து யோசியுங்கள். ஏறக்குறைய 17 ஆண்டுகள் பெரிய வெற்றி எதுவும் இல்லாமலே வேலை பார்த்திருப்பார். அப்படி ஒரு வறட்சி இனி வராது என்று யாரும் உறுதி தர முடியாது.

வயதும் வருமானமும். ஆண்டுக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும், வரிசை அநேகமாக மாறாது: மருத்துவப் பட்டம், பொது மருத்துவத்தில் மேற்படிப்பு, அதற்குமேல் சிறுநீரகவியல். இதற்கே பத்து ஆண்டுகளுக்குக் குறையாது. ஆய்வு முறையும் புள்ளியியலும் கற்க, முதுகலையோ பிஎச்.டி.யோ இன்னும் சில ஆண்டுகள். தன் பெயரில் ஆய்வு நிதி வாங்கி நடத்தும் நிலைக்கு வரும்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். முழு நேரமும் நோயாளிகளைப் பார்க்கும் சக டாக்டரைவிட வருமானமும் பொதுவாகக் குறைவுதான். ஆறுதல் என்னவென்றால், சிறுநீரக மருத்துவர் என்ற தகுதி கையில் இருக்கும். ஆராய்ச்சி சரிவரவில்லை என்றால் அடுத்த மாதமே முழுநேர மருத்துவத்துக்குப் போய்விடலாம். ஆய்வுக்கூடத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

சம்பளத்தைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது நேரத்தைப் பற்றி. வேலைக்குச் சேரும்போது, வாரத்தில் இத்தனை நாள் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். "நேரம் கிடைக்கும்போது செய்துகொள்ளுங்கள்" என்று வாய்ப்பேச்சாகச் சொன்னால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. டயாலிசிஸ் பிரிவும் நடு ராத்திரி அழைப்புகளும் விழுங்கிவிடும். திறமை இருந்தும் ஆராய்ச்சியைக் கைவிட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். அறிவு போதாமல் விட்டேன் என்பவர் அபூர்வம், நேரம் இல்லாமல் விட்டவர்களே அதிகம்.

இப்போதைக்குப் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். ஆய்வுக் கட்டுரைகள் வெளியிடும் ஒரு சிறுநீரக மருத்துவரை மகள் படிக்கும் கல்லூரியிலேயே தேடி, ஒரு சின்ன வேலை கேட்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, வெளிநோயாளிப் பிரிவுக்கு வரும் சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்குக் கடந்த ஓராண்டில் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்திருக்கிறார்கள்? ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பரிசோதனை அது, ஆனால் அடிக்கடி விட்டுப்போகிறது. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு எழுதுவது, ஒவ்வொரு கோப்பாகப் புரட்டுவது, தேதி இல்லாத அறிக்கையைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று மண்டையை உடைத்துக்கொள்வது எல்லாம் அதில் உண்டு. சில மாதங்களில் தெரிந்துவிடும். அந்த வேலையை எப்படியாவது முடித்துத் தொலைத்தால் போதும் என்கிறாரா, அல்லது "ஏன் இவர்களுக்கு மட்டும் விட்டுப்போகிறது?" என்று அடுத்த கேள்வியோடு வருகிறாரா என்று கவனியுங்கள்.

அப்புறம், வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் புகழையும் பார்த்து மயங்க வேண்டாம். அவரிடம் முன்பு பயின்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களில் ஆராய்ச்சியைத் தொடர்பவர்கள் எத்தனை பேர், கட்டுரையில் முதல் பெயர் யாருடையதாக வருகிறது என்று அவர்களிடமே மகள் நேரில் கேட்கட்டும். நீங்கள் கூடப் போக வேண்டியதில்லை.