வெளிநாட்டில் திட்டமே இல்லாமல் பாலே பார்க்கப் போனதுண்டா? நம்மூர் ஆட்களுக்கு அது புரியுமா?

உண்டு. வியன்னாவில், 'ஸ்வான் லேக்' என்கிற பாலே நாட்டிய நாடகம். புரியுமா என்று கேட்டால், சபாக்களில் நாட்டியம் பார்த்துப் பழகிய சென்னைக்காரர்களுக்கு மற்றவர்களைவிடச் சுலபமாகவே புரியும் என்பேன்.

ஆபீஸ் வேலையாகப் போயிருந்தேன். என் கல்லூரி நண்பன் அங்கே குடும்பத்தோடு இருக்கிறான். மயிலாப்பூரிலிருந்து அவன் அம்மாவும் வந்திருந்தார். சாயங்காலம் ஸ்டேட் ஓபரா அரங்கத்துப் பக்கம் சும்மா நடந்துகொண்டிருந்தோம். "நின்னு பார்க்கிற டிக்கெட் இன்னிக்கே கிடைக்கும், போலாமா?" என்று நண்பனின் மனைவி ஆரம்பித்தாள்.

நல்ல நாற்காலிக்கு ஆகிற காசில் சின்னப் பங்குதான் அந்த டிக்கெட். ஆனால் இடமோ கீழ்த்தளத்தில், நாற்காலிகளுக்குப் பின்னால், மேடைக்கு நேர் எதிரே. கைப்பிடிக் கம்பியில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டால் அது நம் இடம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே வித்தை. சண்டைக்கு யாரும் வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மாமி தன் சால்வையைக் கட்டினார்.

"மாமி, ரொம்ப நேரம் நிக்கணும், முடியுமா?"

"டிசம்பர்ல மியூசிக் அகாடமி வாசல்ல நிக்கலியாடா? போ பேசாம."

கதை சின்னது. மந்திரவாதி அன்னமாக்கிவிட்ட ஓடெட், அவளைக் காதலிக்கும் இளவரசன், அவள் உருவத்தில் வந்து அவனை ஏமாற்றும் ஓடீல். இரண்டு பெண்களாகவும் ஆடுவது வழக்கமாக ஒரே நடனமணிதான். வசனம் கிடையாது. பழைய பாலேக்களில் கைச்சைகைகளுக்கென்று தனி அகராதியே உண்டு: மோதிர விரலைக் காட்டினால் கல்யாணம், மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தால் சாவு, இரண்டு விரலை உயர்த்தினால் சத்தியம். அபிநயம் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. இளவரசன் தப்பான பெண்ணிடம் போய் விரலை உயர்த்தினதும் மாமி "போச்சு" என்றார்.

அதற்குச் சற்று முன்னால்தான் அந்தப் பிரசித்தமான இடம். ஓடீல் ஒற்றைக் காலில் நின்றபடி 32 முறை சுழல்வாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, மாமி விரலை மடக்கித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என் காதில், "ஆதி தாளம் நாலு ஆவர்த்தனம், எட்டு நாலு முப்பத்திரண்டு, கணக்கு சரியா இருக்குடா!"

எனக்கு மனதில் நின்றது வேறொன்று. நுனிக்காலில் நிற்க உதவும் அந்த ஷூவின் முனையில் மரக்கட்டை எதுவும் இல்லை; துணியும் காகிதமும் பசையில் அடுக்கடுக்காக ஒட்டி இறுகியது. சத்தம் வரக்கூடாது என்று புது ஷூவைத் தரையில் அடித்து அடித்து மெத்தென்று ஆக்குவார்கள். அப்படியும் அன்னங்கள் கூட்டமாக ஓடி வரும்போது, வாத்தியங்கள் தணிகிற நேரத்தில், லேசாக ஒரு 'தடதட' கேட்டது. நாம் தரையைத் தட்டி ஆடும் தட்டடவும் சலங்கையுமாகக் காலின் சத்தத்தைக் கொண்டாடுகிறோம்; இவர்கள் அதை மறைக்கத்தான் அத்தனை பாடுபடுகிறார்கள். அந்த 'தடதட' கேட்ட பிறகுதான், பறப்பதுபோல் தெரிகிற உடம்புகளுக்கு எடை இருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது.

கைதட்டலுக்குத் தயங்க வேண்டாம். நடுவிலேயே தட்டுகிறார்கள், ஆடுபவர்களும் நின்று வணங்கிவிட்டுத் தொடர்கிறார்கள். 1964-ல் புகழ்பெற்ற பாலே ஜோடியான ருடால்ஃப் நூரேயெவும் மார்கோ ஃபான்டெய்னும் இதே அரங்கில் 'ஸ்வான் லேக்' ஆடியபோது, ரசிகர்கள் விடாமல் தட்டி 89 முறை அவர்களைத் திரைக்கு முன் வரவழைத்தார்களாம். கச்சேரியில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கேன்டீனுக்கு நழுவும் நம் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது டிராமில் மாமி பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி கதையை எடுத்தார். அவர் ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவுடன் பழகி, அவருடைய குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் முதலில் பாலேதான் கற்றார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்று பாவ்லோவா சொல்லப்போய்த்தான் பரதத்தின் பக்கம் திரும்பினார். 1936-ல் அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா கலைப் பள்ளியும் வந்தது. "அப்போ இதுவும் நமக்கு ஒரு வகையில உறவுதான்" என்பது மாமியின் தீர்ப்பு.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: கோட்டையும் முதுகுப்பையையும் வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்புறம், காலுக்கு இதமாக ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். மாமி புடவைக்குக் கீழே ஸ்னீக்கர்ஸோடுதான் வந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை.