வியட்நாமில் ஒரு வறண்ட ஊர்

அன்புள்ள ஐயா,

வரும் அக்டோபரில் நான், மனைவி, அம்மா மூவரும் ஒன்பது நாள் பயணமாக வியட்நாம் போகிறோம். சென்ற ஆண்டு என் மைத்துனர் குடும்பம் போய்விட்டு வந்தது. தா நாங்கில் இரண்டு பெரிய கைகள் தாங்கும் பாலம், ஹா லாங் விரிகுடாவில் படகு, சைகோனில் மாரியம்மன் கோயில். அவர்கள் எடுத்த அதே படங்கள் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் இருக்கின்றன. எங்களுக்கு அது வேண்டாம். அதிகம் பேர் போகாத, இயற்கை அழகுள்ள பத்து இடங்களைச் சொல்ல முடியுமா?

நீங்கள் முன்பு ஒருமுறை ஃபான் ராங் என்ற ஊரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பயண முகவரிடம் கேட்டேன். "அது உங்கள் ஊரைப் போலவே காய்ந்து கிடக்கும். அதைப் பார்க்கவா பணம் கட்டுகிறீர்கள்?" என்று சிரித்தார். அம்மாவுக்கு 67 வயது, சுத்த சைவம். எனக்கு ஹா ஜியாங் மலைப்பாதையில் பைக் ஓட்ட வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை.

கே.,
அருப்புக்கோட்டை

அன்புள்ள கே.,

ஒன்பது நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள். மிச்சம் ஏழு நாளில் பத்து இடம் என்றால் அம்மா வியட்நாமைப் பார்க்க மாட்டார், காரின் ஜன்னலைத்தான் பார்ப்பார். வரைபடத்தில் ஒல்லியாகத் தெரிவதால் அதைச் சின்ன நாடு என்று நினைத்துவிடுகிறோம். ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர். விரைவு ரயிலுக்கே முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூட்டம் போகாத ஊர்களுக்குக் கூட்டம் போகாததன் காரணம் பெரும்பாலும் அழகுக் குறைவு அல்ல, தூரம். அந்தத் தூரத்துக்கான நேரத்தை நீங்கள் கொடுத்தாக வேண்டும். ஆகவே பத்து இல்லை, இரண்டு சொல்கிறேன்.

அதற்கு முன் மைத்துனருக்காக ஒரு வார்த்தை. ஹா லாங் அழகான இடம்தான். எல்லோரும் போவதாலேயே ஓர் இடம் மட்டமாகிவிடாது. அந்தக் கைப் பாலம் வேறு கதை. 2018இல் திறந்தது. பாசி படர்ந்த பழங்கல் போலத் தெரியும் கைகள் கல்லே அல்ல, கம்பிவலைமேல் ஃபைபர்கிளாஸ். அது தெரிந்த பிறகும் படம் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

ஹா ஜியாங் ஆசையை முதலில் பேசிவிடுவோம். அது இப்போது தெரியாத இடம் அல்ல. ஹனோயின் எந்தத் தங்கும் விடுதியில் கேட்டாலும் அந்தச் சுற்றுப் பயணத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பாதை தன்னளவில் பெரிய சங்கதி என்பதை மறுக்கவில்லை. 1959இல் தொடங்கி ஆறு ஆண்டுகள் மலைவாழ் இனங்களின் இளைஞர்கள் பெரும்பாலும் கையாலேயே வெட்டிய சாலை அது. மா பி லெங் கணவாயில் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டித் தொங்கியபடி மாதக்கணக்கில் உளி அடித்திருக்கிறார்கள். கீழே ஞோ குவே ஆறு பச்சை நூலாக ஓடும் என்கிறார்கள். என்கிறார்கள் என்று எழுதுவதற்குக் காரணம், நான் போனது ஒரு ஜனவரியில். மூன்று நாளும் மூடுபனி. முன்னால் போன லாரியின் பின்பக்கத்தைத்தான் நன்றாகப் பார்த்தேன்.

ஆனால் நீங்கள் பைக் ஓட்டக் கூடாது என்று நான் சொல்வது பனிக்காக அல்ல. இந்தியாவில் நமக்குத் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தப்படி தருவது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்த அனுமதியை. வாடகைக்கு விடுபவர் இதையெல்லாம் கேட்க மாட்டார், சாவியைக் கொடுத்துவிடுவார். விழுந்து கால் முறிந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு உண்டு. தனியாக இன்னொரு முறை போகும்போது அதைச் செய்யுங்கள். 67 வயது அம்மாவை எங்கே உட்கார வைப்பீர்கள்?

அதற்குப் பதிலாக காவ் பாங். ஹனோயிலிருந்து வடகிழக்கே, காரில் ஏழெட்டு மணி நேரம். சீன எல்லையில் குவாய் சன் ஆறு படிப்படியாக விழும் இடம் பான் ஜோக். குற்றாலத்தைப் போல உயரத்திலிருந்து கொட்டாது, அகலமாக விரிந்து விழும். அருவியில் பாதி வியட்நாமுக்கு, பாதி சீனாவுக்கு. கீழே உள்ள மடுவில் இரு நாட்டு மூங்கில் தெப்பங்களும் சுற்றுகின்றன. ஒரு தெப்பத்திலிருந்து மறு தெப்பத்துக்குக் கையை ஆட்டலாம், கரை மாற முடியாது. அக்டோபரில் மழை தணிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். பக்கத்திலேயே குவோய் கி என்ற சிற்றூரில் தாய் இன மக்களின் கல் வீடுகள் இருக்கின்றன, அங்கேயே தங்கலாம். தாய்லாந்துக்காரர்கள் அல்ல, இவர்கள் வேறு. அந்தப் பகுதியின் செஸ்நட் பேர் பெற்றது, அறுவடை நீங்கள் போகும் பருவத்தில்தான். வறுத்துக் கொடுத்தால் பனங்கிழங்கும் நிலக்கடலையும் சேர்ந்தது போல ஒரு ருசி. அம்மாவுக்குப் பிடிக்கும்.

இனி உங்கள் முகவர் சிரித்த ஊருக்கு வருவோம்.

அவர் சொன்னது உண்மை. தெற்குக் கடற்கரையில் இருக்கும் ஃபான் ராங் வியட்நாமிலேயே மிக வறண்ட பகுதி. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. நம் ராமநாதபுரத்துக்கே அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இறங்கியதும் கள்ளிச்செடி, உப்பளம், செம்மறி மந்தை, எரிக்கும் வெயில். கூடவே திராட்சைப் பந்தல்கள், மணல்மேடுகள். கொஞ்சம் வடக்கே நூய் சுவா தேசியப் பூங்காவின் உலர்ந்த குன்றுகள் நேராகக் கடலில் இறங்குகின்றன. வின் ஹி என்ற சிறு விரிகுடா அங்கேதான். ஹாங் ராய் என்னும் இடத்தில் பழைய பவளப்பாறைத் தட்டின் மேல் அலை ஏறி, விளிம்பு வழியாக அருவி போல வழிந்து கடலுக்கே திரும்புகிறது. பச்சையும் பனியும் இருந்தால்தான் இயற்கை அழகு என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பாலையை ஒரு திணையாக வைத்துப் பாடிய மொழிக்காரர்கள் நாம். அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர் வெயிலைப் பார்த்து ஒதுங்குவது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது.

நான் உங்களை அங்கே அனுப்புவது வெயிலுக்காக மட்டும் அல்ல. ஊருக்கு வெளியே ஒரு கற்குன்றின் மேல் போ க்ளோங் கராய் கோயில் நிற்கிறது. சம்பா என்பது சாம் இன மக்கள் இந்தக் கடற்கரையில் ஆண்ட பழைய அரசு. அதன் அரசர் மூன்றாம் ஜெய சிம்மவர்மன் காலத்தது இந்தக் கோயில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. செங்கல் கோபுரம், செங்கற்களுக்கு நடுவே சாந்து கண்ணுக்குத் தெரியாது. வாசலுக்கு மேலே ஆறு கைகளோடு ஆடும் சிவன். உள்ளே ஒரு கல் நந்தி. கருவறையில் முகம் செதுக்கிய லிங்கம். நான் போன அன்று சாம் இனத்துக் கிழவி ஒருவர் தட்டில் வெற்றிலையும் பழமும் வைத்துக்கொண்டு படியேறினார். இது அருங்காட்சியகம் அல்ல, வழிபாடு நடக்கும் கோயில் என்று அந்தத் தட்டைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

சோழர்கள் போய்க் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து அதை அம்மாவுக்கு அனுப்பாதீர்கள். சாம் மக்களின் மொழி மலாய், ஆச்சே மொழிகளின் உறவு. அவர்கள் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய சாம் மொழியிலும் இருக்கின்றன. சிவனைத் தங்கள் வழியில் தங்கள் தெய்வமாக்கிக்கொண்டார்கள். அந்தக் கருவறையில் இருப்பவரை அவர்கள் போ க்ளோங் கராய் என்ற தங்கள் அரசராகவே கும்பிடுகிறார்கள். அணை கட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் என்று கதை. வறண்ட ஊரில் அப்படி ஒருவர்தானே கடவுளாக முடியும்? இவர்களில் ஒரு பிரிவினர் தங்களை பாலமோன் என்கிறார்கள், பிராமணர் என்ற சொல்லின் மாற்று வடிவம். இன்னொரு பிரிவினர் பானி, இஸ்லாத்தைத் தங்கள் முறையில் கைக்கொண்டவர்கள். இரு பிரிவிலும் சொத்து பெண்வழியாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். உங்கள் மனைவி இதை ரசிப்பார்.

சாம் நாட்காட்டியின் ஏழாம் மாதம் முதல் நாள் கதே விழா. நம் கணக்கில் செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபருக்கும் இடையில் விழும், ஆண்டுதோறும் தேதி மாறும். தெய்வங்களின் உடைகளை மலையில் வாழும் ரக்லாய் மக்கள் காத்து வைத்திருந்து, விழாவுக்குக் கீழே கொண்டுவந்து கொடுப்பார்கள். பிறகு ஊர்வலம், லிங்கத்துக்கு நீராட்டு, உடை சாத்துதல். டிக்கெட் போடும் முன் அந்த ஆண்டுத் தேதியைப் பார்த்துவிடுங்கள். வேறு எதற்காகவும் பயணத் தேதியை மாற்றச் சொல்ல மாட்டேன்.

கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தாப் சாம் ரயில் நிலையம். அந்தப் பெயருக்கே சாம் கோபுரம் என்றுதான் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து தா லாட் மலைக்கு, நம் ஊட்டி ரயிலைப் போலப் பல்சக்கரப் பாதை போட்டார்கள். 84 கிலோமீட்டர், 1932இல் முடிந்தது. போரில் நின்றுபோனது. மிஞ்சிய என்ஜின்கள் சிலவற்றை 1990இல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் விலைக்கு வாங்கித் தங்கள் மலைக்கே எடுத்துச் சென்றுவிட்டார்கள். இப்போது தா லாட்டில் மேலே ஏழு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறது. ரயில் பைத்தியம் இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

ஃபோங் ஞா குகைகளையும் குய் ஞோன் கடற்கரையையும் ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். இரண்டும் அருமையான இடங்கள். ஆனால் நம் ஐப்பசி மழையைப் போலவே அவர்களின் நடுக் கடற்கரைக்கும் அந்த மாதங்களில்தான் பெருமழை. வெள்ளம் வந்தால் குகைகளை மூடிவிடுவார்கள். மார்ச், ஏப்ரலில் போகலாம். ஃபான் ராங்கிலும் அக்டோபர் மழைக்காலம்தான். அங்கே மழைக்காலம் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு.

வழி இப்படி: ஹனோயில் ஒரு நாள், காவ் பாங் போய்வர மூன்று நாள். ஹனோயிலிருந்து காம் ரான் விமான நிலையத்துக்குப் பறந்தால் ஃபான் ராங் அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். மிச்ச நாளெல்லாம் அங்கேதான். இணையத்தில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். 2025 ஜூலையில் 63 மாகாணங்களை 34 ஆக இணைத்துவிட்டார்கள். ஃபான் ராங் இருந்த நின் துவான் மாகாணம் இப்போது கான் ஹோவாவுக்குள் இருக்கிறது. விசாவை அரசு இணையதளத்திலேயே நீங்களே எடுக்கலாம், ஒருமுறை நுழைய 25 டாலர்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு ஒரு சொல் போதும்: சாய். பலகையில் அந்தச் சொல் இருந்தால் பௌத்த சைவ உணவகம். சிற்றூர்களிலும் உண்டு, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். மற்ற கடைகளில் காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, அசைவக் கணக்கில் சேராது.

அம்மாவை பாவ் ட்ருக் கிராமத்துக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அங்கே பானை செய்வது பெண்கள்தான், சக்கரம் கிடையாது. மண்ணை நடுவில் வைத்துவிட்டு, அதைச் சுற்றிப் பின்னோக்கி நடந்தபடியே கையால் வனைகிறார்கள். சூளையும் இல்லை, திறந்த வெளியில் விறகும் வைக்கோலும் போட்டுச் சுடுகிறார்கள். 2022இல் யுனெஸ்கோ அதை உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நான் ஆசைப்பட்டு ஒரு தண்ணீர்ப் பானை வாங்கினேன். சென்னையில் பெட்டியைத் திறந்தபோது பதினோரு துண்டாக இருந்தது. நீங்கள் சின்னதாக ஒன்று வாங்குங்கள், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.