பழைய அவுட்போர்டு எஞ்சின்: பிரித்து வேலை பார்ப்பதா, புதிதாக வாங்குவதா?

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டில் எஞ்சின் வேலை என்றால் தேய்ந்த பிஸ்டன், ரிங், பேரிங், சீல்களை மாற்றுவது. உப்பு அரித்த அலுமினிய உடலுக்கு அந்த வேலை உதவாது. அவுட்போர்டு கடல்நீரை உறிஞ்சித்தான் குளிர்கிறது. பாம்பனிலோ தொண்டியிலோ கரையேறியதும் நல்ல தண்ணீர் விட்டு அலசாத எஞ்சினில், உப்பு உள்வழிகளை அடைத்து உலோகத்தையும் தின்றுவிடும். வீட்டில் கதவு இற்றால் மாற்றலாம். சுவரே உப்புப் பூத்து உதிர்ந்தால் பூசிப் பயனில்லை.

முதலில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10–15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். உடல் அரிக்காமல், உதிரிபாகமும் கிடைத்தால் வேலை பார்க்கலாம். செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால், வாங்கவே சொல்வேன்.

புகை வந்தாலே எஞ்சின் முடிந்தது என்பார்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எரிபொருளோடு ஆயிலையும் எரிப்பதால் கொஞ்சம் புகை அதன் இயல்பு.