கொழுந்தனாருக்கு எடுத்த குழுக் கடன், கடை நோட்டில் ஏறும் மளிகை

கேள்வி: கடலூர் கூத்தப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, கைக்கு வருவது 17,500. நான் வீட்டிலேயே தைக்கிறேன், மாதம் 4,000 போல வரும். மகளிர் உரிமைத் தொகை 1,000. பிள்ளைகள் இரண்டு பேர், 4-ஆம் வகுப்பும் 8-ஆம் வகுப்பும், அரசுப் பள்ளி. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். மளிகை, பால், காய், மீன் எல்லாம் சேர்த்து 9,500 ஆகிறது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் 20-ஆம் தேதிக்கு மேல் கடையில் நோட்டுதான். பாக்கி 11,400 நிற்கிறது. என் பெயரில் இரண்டு குழுக் கடன்: 40,000-க்கு வாரம் 870, இன்னும் 19 வாரம், 30,000-க்கு வாரம் 650, இன்னும் 38 வாரம். இரண்டுமே கொழுந்தனாரின் லோடு ஆட்டோவுக்காக எடுத்தவை. ஆரம்பத்தில் கொடுத்தார், இப்போது தருவதில்லை. இரண்டையும் முடித்துவிட்டு 60,000 புதிதாகத் தருகிறோம், இரண்டு வருஷம், வாரம் 730தான் என்கிறார் வசூலுக்கு வருகிறவர். பிடித்தது போகக் கையில் 20,000 வருமாம். அதை ஆட்டோவின் எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவுக்குக் கொழுந்தனார் கேட்கிறார், மாமியாரும் எடுத்துக் கொடு என்கிறார். மளிகைச் செலவை 7,000-க்குள் கொண்டுவருவது எப்படி? ஆப்பில் வாங்கி அடுத்த மாதம் கட்டலாமா? தங்கை வீட்டுக்காரர் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் 500 ரூபாய்க்கு எஸ்.ஐ.பி. போடச் சொல்கிறாரே, போடலாமா?

பதில்: முதலில் அந்த 7,000-ஐ மறந்துவிடுங்கள். 9,500-ஐ ஐந்து பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 63 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடு, பிள்ளைகளுக்குப் பால், வாரத்தில் ஒரு நாள் மீன், எல்லாம் இந்த 63-க்குள். ரேஷன் அரிசியில்தான் இட்லிக்கு ஊறப் போடுகிறீர்கள், காய் உழவர் சந்தையில், மீன் முதுநகர் போய்க் காரப்பொடியோ மத்தியோ வாங்குகிறீர்கள், தடைக்காலத்தில் கருவாடும் முட்டையும். இதற்கு மேல் சிக்கனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. இதில் 2,500-ஐக் குறைக்கப் போனால் பிள்ளைகளின் பாலும் முட்டையும்தான் முதலில் போகும். சின்னவனுக்காவது பள்ளியில் காலை உணவு கிடைக்கிறது, 8-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. வளர்கிற வயதில் அந்தத் தட்டில் கை வைக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். வாடகை 4,500, கரண்ட், கேஸ், போன் 1,700, பெட்ரோல் 1,800, பள்ளிச் செலவு 800, மாமியார் மாத்திரை 700, மளிகை 9,500. மொத்தம் 19,000. வருமானம் 22,500. அதாவது கடன் இல்லாவிட்டால் மாதம் 3,500 மிச்சம் பிடிக்கிற வீடு உங்களுடையது! இதை உங்கள் மாமியாரிடமும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

இப்போது தவணை. 870-ம் 650-ம் சேர்ந்து வாரம் 1,520. மாதத்துக்கு நான்கு வாரம் என்று பெருக்கி 6,080 என எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. வருஷத்துக்கு 52 வாரம், 12 மாதத்தில் பிரித்தால் மாதம் கிட்டத்தட்ட 6,600 வருகிறது. ஐந்து வாரம் விழுகிற மாதத்தில் மட்டும் ஏன் மூச்சு முட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள், காரணம் இதுதான். 3,500 மிச்சத்தில் 6,600 கட்டினால் மாதம் 3,100 துண்டு விழும். தவணையைக் குழுவில் மற்ற பெண்கள் முன்னால் எண்ணி வைக்க வேண்டும், நீங்கள் கட்டாவிட்டால் அவர்கள் தலையில் விழும், அதனால் அதை நீங்கள் ஒரு வாரமும் நிறுத்துவதில்லை. நிறுத்த முடிகிற ஒரே இடம் மளிகைக் கடை. நோட்டில் நிற்கிற 11,400, கிட்டத்தட்ட நான்கு மாதத் துண்டு. அண்ணாச்சியின் நோட்டில் மளிகை என்று எழுதியிருந்தாலும் அது உண்மையில் உங்கள் கொழுந்தனாரின் ஆட்டோ தவணைதான்.

ஆக, சரிசெய்ய வேண்டிய பழக்கம் ஒன்றே ஒன்று: அவருக்காக உங்கள் பெயரில் கடன் எடுப்பது. இரண்டு முறை ஆகிவிட்டது, இப்போது கேட்பது மூன்றாவது.

60,000 விஷயம் மயக்குகிறது என்பது எனக்குப் புரிகிறது. வாரத் தவணை பாதியாகக் குறையும், அது உண்மைதான். ஆனால் நீங்கள் இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். ஆண்டுக்கு 24 சதவீதம் என்று உங்கள் கடன் அட்டையிலேயே இருக்கிறது, குறையும் அசலுக்குத்தான் வட்டி. 40,000 கடனில் முதல் வாரம் நீங்கள் கட்டிய 870-ல் 185 ரூபாய் வட்டிக்கே போனது. இப்போது அசல் 15,800 அளவுக்கு இறங்கிவிட்டதால் அதே 870-ல் வட்டி சுமார் 73தான், மீதி எல்லாம் அசலை அடைக்கிறது. கஷ்டமான பாதியைக் கடந்துவிட்டீர்கள். இந்த நேரத்தில்தான் புதுக் கடன் தருகிறோம் என்று வந்து நிற்பார்கள். 60,000 எடுத்தால் முதல் வாரத் தவணை 730-ல் 277 மறுபடி வட்டி.

மொத்தமாகவும் பாருங்கள். பழைய இரண்டையும் அப்படியே கட்டி முடிக்க 16,530-ம் 24,700-ம் சேர்ந்து 41,230. புதியதற்கு 730 வீதம் 104 வாரம், 75,920. கூடுதலாக 34,700 கட்டுகிறீர்கள், கைக்கு வருவது 20,000, அதுவும் உங்கள் கையில் ஒரு நாள் கூடத் தங்காது. பெரியவன் 10-ஆம் வகுப்பு முடிக்கும் வரை தவணை ஓடும்.

கொடுக்கிறார்களே, நம் வருமானத்துக்குத் தாங்கும் என்று பார்த்துத்தானே கொடுப்பார்கள் என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாத வரை நுண்கடன் (உங்கள் குழுக் கடன் இந்த வகைதான்) கொடுக்கலாம். உங்களுக்கு அந்த எல்லை 11,250. இப்போதைய 6,600-க்கே மளிகைக்குக் கடன் சொல்கிறீர்கள். விதியில் இடம் இருப்பது அவர்கள் கொடுப்பதற்குத்தான், உங்களால் கட்ட முடியும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

சரி, 19 வாரத்தை எப்படித் தாண்டுவது? மாதம் 3,100 வீதம் நாலரை மாதத்துக்குச் சுமார் 13,600 தேவை. இதில் பெரிய பங்கு கொழுந்தனாரிடமிருந்து வர வேண்டும். லோடு ஓட்டுகிறவருக்குப் பணம் அன்றன்றைக்கு வருகிறது, அவரிடம் மொத்தமாக எதிர்பார்த்தால் வராது. வாரம் 400, குழு கூடுகிற நாளுக்கு முந்தின இரவு வீட்டில் கொடுத்துவிட வேண்டும். 19 வாரத்தில் 7,600. இதை நீங்கள் கேட்காதீர்கள், உங்கள் கணவர் தன் தம்பியிடம் மாமியார் முன்னிலையில் கேட்கட்டும். "எஃப்.சி.க்குப் பணம் இல்லை தம்பி, அவள் பெயரில் இனிமேல் எதுவும் எடுக்க மாட்டோம், இருக்கிற கடனுக்கு வாரம் 400 கொடு" என்று இவ்வளவு போதும். மனஸ்தாபம் வரலாம், வரட்டும். இப்போதும் வீட்டில் நிம்மதி இல்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்தது கடை. நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. 200 மில்லி எண்ணெய், பத்து ரூபாய் மிளகாய்த்தூள் இரண்டு, கால் கிலோ உளுந்து, பிஸ்கட் 20, மறுநாள் மறுபடியும் 200 மில்லி எண்ணெய். கையில் காசு இல்லாதவர் சின்னச் சின்னதாகத்தான் வாங்க முடியும், சின்னதாக வாங்கினால் விலை கூடத்தான் செய்யும், பாக்கி நிற்கிற கடையில் விலை கேட்கவும் வாய் வராது. இதே சாமானைத் திருப்பாப்புலியூரில் மொத்தக் கடையில் காசு கொடுத்து வாங்கினால் மாதம் 400 குறையும் என்பது என் கணிப்பு. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் 25, இரண்டையும் மாதக் கடைசியில் போய் இல்லை என்று திரும்பியிருக்கிறீர்கள். சரக்கு வந்ததும் போய் வாங்கினால் இன்னொரு 200. இந்த 600, நாலரை மாதத்தில் 2,700 போல ஆகும். மீதி 3,300-க்கு மாதம் ஐந்தாறு பிளவுஸ் கூடுதலாகத் தைக்க வேண்டியிருக்கும், அது உங்கள் தோள்மேல்தான் விழுகிறது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். தையலுக்குப் பாதிக் கூலியை முன்பணமாக வாங்கப் பழகுங்கள்.

பழைய பாக்கி 11,400-ஐக் கடைக்காரரிடம் நேரில் பேசி அப்படியே நிறுத்தி வையுங்கள். "இனி நோட்டில் எழுத வேண்டாம் அண்ணாச்சி, தீபாவளியோ பொங்கலோ எதுவானாலும் காசுக்குத்தான் வாங்குவேன், பழசை 19 வாரம் கழித்து மாதாமாதம் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், ஏறிக்கொண்டே போகிற பாக்கிதான் அவருக்கும் பயம். முதல் கடன் முடிந்ததும் மாதம் 3,770 விடுபடும். கொழுந்தனாரின் 400-ம் தொடர்ந்தால் மாதம் 3,000 வரை கடைக்குக் கொடுக்க முடியும், நான்கு மாதத்தில் நோட்டு தீர்ந்துவிடும்.

ஆப் வேண்டவே வேண்டாம். அதுவும் கடன்தான், ஒரு நாள் பிந்தினால் அபராதம், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவிலும் ஏறும். அண்ணாச்சியிடம் தவணை சொல்லலாம், ஆப்பிடம் என்ன சொல்வீர்கள்? டெலிவரி இலவசம் ஆகட்டும் என்று வேண்டாத இரண்டு சாமானும் கூடையில் ஏறும். எஸ்.ஐ.பி.யும் இப்போது கிடையாது. 24 சதவீத வட்டி கட்டிக்கொண்டே, ஏறுமா இறங்குமா என்று தெரியாத ஒன்றில் 500 போடச் சொல்கிறவர் உங்கள் கணக்கைப் பார்க்கவே இல்லை. இரண்டு கடனும் கடை பாக்கியும் தீர்ந்த பிறகு எழுதுங்கள், பேசலாம்.

வசூலுக்கு வருகிறவர் ராத்திரி ஏழு மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போனில் அழைப்பதையே ரிசர்வ் வங்கி கடுமையான வசூல் முறை என்று சொல்லித் தடுத்திருக்கிறது, வசூல் பொதுவாக இரு தரப்பும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் நடக்க வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக்குப் புகார் செய்ய வழி இருக்கிறது, விவரம் 14448-ல் கேட்கலாம்.

இன்னொன்று. 15-ஆம் தேதி போல வருகிற உரிமைத் தொகை 1,000-ஐத் தவணையில் கலக்காதீர்கள், அன்றே எடுத்துப் பால்காரருக்கும் முட்டைக்கும் ஒதுக்கிவிடுங்கள். 19-வது வாரம் கடைசித் தவணை கட்டியதும் கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கையோடு கேட்டு வாங்கி, ஒரு மாதம் கழித்து சிபில் பதிவிலும் அது முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அந்த அறிக்கை இலவசம்.